நான் பச்சை அடித்த பள்ளம்

1

இங்கே ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, நாடு முழுக்கச் சங்கு ஊதும். வெள்ளம் வந்தால், ஆலை வெடித்தால், போர் மூண்டால் ஊத வேண்டிய சங்கு. கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்கிறார்கள். நெதர்லாந்துக்காரர் ஒருவரும் தலை நிமிர மாட்டார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவர் தடவிக்கொண்டே இருப்பார். எனக்கு இங்கே இது நான்காவது வருடம். இன்னும் அந்தச் சத்தம் எழும்போது கையிலிருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடுகிறது. சும்மா பார்க்கத்தான் ஊதுகிறார்கள் என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

இந்த நவம்பர் மாதச் சங்கு ஊதி அடங்குவதற்குள் அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அங்கே மாலை நாலரை மணி. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகும் வழியில், எஸ்டேட்டின் கீழ் எல்லையை ஒட்டி, அக்காவும் மாமாவும் போன வருடம் வீடு கட்டிக் குடிபோனார்கள். அந்த வீட்டின் பின்பக்கம் நின்று எடுத்திருக்கிறாள்.

“பாருடி ரெஜி, எவ்ளோ வெளிச்சம்னு. மேல எஸ்டேட்டுல சில்வர் மரத்தையெல்லாம் வெட்டி எறக்கிட்டாங்க. இனிமே துணி ஒரே நாள்ல காஞ்சிரும்.”

அக்கா பெயர் பிலோமினா, பிலோ. அவள் மகள் ஜெனிக்கு ஏழு வயது. வீடியோவில் ஜெனி சரிவில் மேலே ஓடுகிறாள். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைத் தாண்டுகிறாள். திடீரென்று முழங்கால் வரை மறைகிறாள், பிறகு இடுப்பு, பிறகு தலை. கொஞ்ச நேரம் அங்கே யாருமே இல்லை. பிறகு அந்தப் பக்கத்தில் ஏறி வந்து, கேமராவைப் பார்த்து, “ஹலோ சித்தி, ஹவ் ஆர் யூ” என்று கத்துகிறாள். (வெளிநாட்டில் இருக்கும் சித்திக்குத் தமிழ் மறந்திருக்கும் என்பது அவள் முடிவு. நேரில் என்னை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். பள்ளியில் ‘போன் சித்தி’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாளாம்.)

நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். சூப் ஆறிப்போயிற்று. ஒரு குழந்தை தலை மறைய இறங்கும் பள்ளம் அங்கே இருக்கக் கூடாது. ஏனென்றால் அந்த மலையை நான் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருக்கிறேன். என் மலையில் அந்த இடத்தில் பள்ளமே இல்லை.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால், அக்கா “கம்ப்யூட்டர்ல மலை செய்யறா” என்பாள். இதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் பூமியைக் கட்டம் கட்டமாக அளக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் கிடைக்கும். பக்கத்துக் கட்டங்களை ஒப்பிட்டால் சரிவு எவ்வளவு என்று தெரியும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும். அதோடு மண், மழை, சாலை வெட்டிய இடம், முன்பு மண் சரிந்த இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிரலிடம் கொடுத்தால், இனி எங்கே சரியலாம் என்று அது கணக்குப் போடும். சரியக்கூடிய இடத்துக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள், பயமில்லாத இடத்துக்குப் பச்சை. முதல்முறை ஒரு மலை முழுக்க நிறம் ஏறுவதைத் திரையில் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இந்தத் துறையில் எனக்கு இருக்கும் பைத்தியம் அன்று பிடித்தது.

மலை பற்றிப் படிக்க மலையே இல்லாத நாட்டுக்கு ஏன் போனாய் என்று ஊரில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் வசிக்கும் ஊரில் மிகப் பெரிய ஏற்றம், ரயில் பாதைக்கு மேலே போகும் சைக்கிள் பாலம். மலை அங்கே இருக்கிறது, மலையைச் செய்யும் எந்திரங்கள் இங்கே இருக்கின்றன, அவ்வளவுதான் பதில்.

முறையைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். உலகத்தில் எந்த மலையையும் எடுத்திருக்கலாம். நான் எங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை எடுத்தேன். கோயில் இருக்கும் உச்சியிலிருந்து செம்மநத்தம் வரைக்கும் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்ற திமிர். கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது.

3

நாங்கள் பிறந்து வளர்ந்தது எஸ்டேட் லைன் வீட்டில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு எனக்கு ஊர் என்றால் அக்காதான். அவளும் மாமாவும் எஸ்டேட்டில் வேலை பார்க்கவில்லை. சகாயம் மாமா ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். ஆகவே லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மாமா இரண்டு மனைகள் பார்த்து வைத்தார். ஒன்று மேலே, சாலை வளைவில். இன்னொன்று எஸ்டேட்டின் கீழே. எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார்.

கேட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் படிப்புக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக ஓர் ஆள் என்னிடம் உபயோகமான கேள்வி கேட்கிறார். அன்றைக்கே நிரலை ஓட்டி, இரண்டு மனைகளும் தெரிகிற மாதிரி வரைபடத்தை வெட்டி அனுப்பினேன். சாலை வளைவு சிவப்பு. எஸ்டேட்டின் கீழே நல்ல பச்சை, மாம்பிஞ்சுப் பச்சை. ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில், இது சோதனைப் பிரதி, கட்டட முடிவுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. எங்கள் துறையில் எல்லாப் படத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும். மாமா அதை அச்செடுத்துச் சட்டம் போடக் கொடுத்தபோது, சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று லேமினேஷன் கடையில் அந்த ஓரத்தை நறுக்கிவிட்டார்கள். நறுக்காவிட்டாலும் யார் படித்திருப்பார்கள்? அனுப்பிய எனக்கே அது ஞாபகமில்லை.

வீடு மந்திரிப்பைப் போனில் பார்த்தேன். கூடத்தில் திருஇருதயப் படம், அதற்குக் கீழே என் வரைபடம். பங்குச் சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர் அதன் மேலும் இரண்டு சொட்டுத் தெளித்தார். மாமா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஊருல எல்லாரும் சாமியக் கேட்டு ஊடு கட்டறாங்க. நாங்க சேட்டிலைட்டக் கேட்டுக் கட்டியிருக்கறோம்.”

பக்கத்து மனைக்காரர் மாரியப்பண்ணன் அந்தப் படத்தை வாங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்தார். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் சிவப்பும் சாம்பல், பச்சையும் சாம்பல். எந்தச் சாம்பல் நல்ல சாம்பல் என்று அவர் கேட்க, மாமா பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாராம். அக்கா சிரித்துச் சிரித்து இதைச் சொன்னாள், நானும் சிரித்தேன். அந்த வட்டத்துக்குள் இப்போது மூன்று வீடுகள் இருக்கின்றன.

4

வீடியோ வந்த அன்று பகல் உணவுக்குப் பிறகு என் மேசைக்குப் போய், அந்தக் கட்டங்களின் எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. இவ்வளவு எளிய தப்பைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் தேவைப்படாது.

வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு மரத்தின் தலைதான் தெரியும். அடர்ந்த மரங்கள் இருந்தால் அவற்றின் உச்சியைத் தரை என்று எழுதிக்கொள்ளும். இது எங்கள் துறையில் முதல் வருடப் பாடம். எல்லா மரமும் ஒரே உயரம் என்றால் பாதகமில்லை, மலை அப்படியே கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டதாகத் தெரியும், வடிவம் மாறாது. நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் எஸ்டேட்டில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நடும் சில்வர் ஓக் மரம் பள்ளத்தில் நின்றால் வெயிலுக்காக மேட்டு மரங்களோடு போட்டி போட்டு வளரும். அடியில் ஈரமும் வண்டலும் உண்டு. மேட்டில் நிற்பவனும் பள்ளத்தில் நிற்பவனும் தோளோடு தோள் சேர்த்துக்கொள்கிற மாதிரி, உச்சிகள் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரிச் சமமான சரிவு. பாய்க்கு அடியில் பள்ளம்.

மலையில் பள்ளம் என்றால் சாதாரண விஷயம் இல்லை. மேலே விழுகிற தண்ணீரெல்லாம் கூடுகிற வாய்க்கால் அது, வருடக்கணக்காக மண் வந்து சேர்கிற தொட்டியும் அதுதான். மழை அளவு மீறினால் தொட்டி ஒரே மூச்சில் காலியாகும். அதன் வாய் எங்கே இருக்கிறது என்று வீடியோவில் பார்த்தேன். அக்கா வீட்டின் பின்கதவிலிருந்து நாற்பது தப்படி.

மரங்களும் இப்போது இல்லை. வெட்டிய மரத்தின் வேர் உடனே சாகாது. மெல்ல மெல்ல அழுகும். அழுகி முடிந்த பிறகுதான் மண்ணைக் கைவிடும்.

பேராசிரியையிடம் ஓடினேன். நல்லவர், பொறுமையாகக் கேட்டார். அந்தப் படம் வெளியிடப்பட்டதா என்றார். இல்லை. நம் முத்திரை இருந்ததா? இல்லை. அப்படியானால் திரும்பப் பெறுவதற்கு எதுவுமில்லை, அதிகாரபூர்வமாக அப்படி ஒரு வரைபடமே கிடையாது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். புதிய தரவு வாங்கிச் சரிசெய்ய விண்ணப்பப் படிவம் ஒன்றும் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி: ‘இந்தப் பிழையால் பாதிக்கப்படக் கூடியவர்கள் யார்?’ கொடுத்திருந்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வாளர்கள், நிதி தருவோர், பிற பயனர்கள். நான் ‘பிற பயனர்கள்’ என்பதைத் தொட்டேன். பிலோ, சகாயம், ஜெனி.

5

அக்காவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்திருந்தது. புதன்கிழமையிலிருந்து மலையில் கனமழை. அதற்குள் அவர்கள் அந்த வீட்டை விட்டு இறங்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நான் பேச ஆரம்பித்ததும் எனக்கே கேட்டது, நான் மாநாட்டில் பேசுகிற மாதிரிப் பேசுகிறேன். ப்ராபபிலிட்டி அதிகமாகியிருக்கிறது என்றேன். மாடலில் அன்சர்ட்டனிட்டி இருந்தது என்றேன். நான்கு வருடமாக இந்த வேலையைப் பற்றி நான் தமிழில் யோசித்ததே இல்லை. பயப்பட மட்டும்தான் தமிழ் மிச்சம் இருந்தது.

அக்கா மாவரைத்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். “சரியும்னா சரியும்னு சொல்லு. சரியாதுன்னா சரியாதுன்னு சொல்லு. என்னடி அது, நடுவுல?”

“சரியலாம் அக்கா. நீங்க அங்க இருக்காதீங்க. என் படம் தப்பு. ஊட்டுக்குப் பின்னால பள்ளம் இருக்கறது எனக்குத் தெரியல.”

அவள் மிக மெதுவாகச் சொன்னாள்.

“பள்ளம் இருக்கறது எங்களுக்குத் தெரியும் கண்ணு. மனை பாக்க வந்தன்னைக்கே மாமா காட்டுனாரு. நீ அதையும் பாத்துட்டுத்தான் பச்சைன்னு சொன்னேன்னு நெனச்சோம்.”

இந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், ஆனால் என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரியாததா என்ற மரியாதையில். நான் பார்க்கவே இல்லை, ஆனால் அவர்களிடம் கேட்கவும் இல்லை, என் எந்திரத்துக்குத் தெரியாததா என்ற மரியாதையில். ‘வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?’ என்று ஒரு போன் செய்திருந்தால் போதும். தினமும்தான் பேசினோம். ஜெனியின் பல் விழுந்தது வரைக்கும் எனக்குத் தெரியும்.

“அவ்ளோ பெரிய பள்ளம் மேல இருந்து எப்படிடி தெரியாமப் போகும்?” என்றாள். கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை அவளுக்கு.

அப்போதுதான் எனக்கு ஏணி ஞாபகம் வந்தது. மிளகு பறிக்கும் காலத்தில் சனிக்கிழமைகளில் அம்மாவோடு நாங்கள் இருவரும் போவோம். ஒற்றை மூங்கிலில் கணுக்கிளைகளைப் படியாக விட்டு வெட்டிய ஏணி. முன்பக்கம் அக்கா, பின்பக்கம் நான், தூக்கிக்கொண்டு போவோம். இரண்டு அளவு உண்டு, குட்டை, நெட்டை. மேட்டு வரிசைக்குக் குட்டை போதும்.

“அக்கா, பள்ளத்து வரிசைக்கு எந்த ஏணி தூக்குவோம்?”

“நெட்டை.” யோசிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த மாவைத் துடைக்க மறந்து நெற்றியில் வைத்தாள். “ஆமா. பள்ளத்துல மரம் ஒசரம். மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்.” பிறகு, “அட சாமி” என்றாள், என்னைப் பார்த்து அல்ல, பின்கதவைப் பார்த்து.

எனக்கு ஒன்பது வயதில் தெரிந்திருந்த விஷயம் அது. தோளில் காய்ப்பு வரத் தெரிந்திருந்தது.

மாமாவுக்குச் சொல்வதுதான் பெரும்பாடு. அவர் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். எத்தனை மணிக்குச் சரியும் என்று கேட்டார், கடைசி ட்ரிப்பை முடித்துவிட்டு வரலாமா என்பதற்காக. அதெல்லாம் சொல்ல முடியாது மாமா என்றேன். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. “ஊரெல்லாம் காட்டிட்டேனே கண்ணு. மாரியப்பண்ணனுக்கு நாந்தானே வட்டம் போட்டுக் குடுத்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி மாத்திச் சொல்றது?”

என் மூஞ்சியை வைத்துக்கொண்டு போங்கள், நான் அழைப்பிலேயே இருக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவரே போனார். மற்ற இரண்டு வீட்டு வாசலிலும் நின்று, என் கொழுந்தியா கணக்குத் தப்பிப்போச்சு, மழை முடிகிற வரைக்கும் ஏற்காட்டில் என் அண்ணன் வீட்டுக்கு நாங்கள் போகிறோம், நீங்களும் எங்காவது இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மூன்றாவது வீட்டுக்காரர்கள் அன்றைக்கே கிளம்பினார்கள். மாரியப்பண்ணன் மட்டும் வாசற்படியை விட்டு எழவில்லையாம்.

“ஏனுங்க சகாயம், உங்க சேட்டிலைட்டு இப்பத்தான் கண்ணாடி போட்டுதுங்களா?”

கறவை மாடு இரண்டை வைத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் அவருடைய உண்மையான சிக்கல் என்று அக்கா சொன்னாள்.

6

நேரில் போய் நிற்க வேண்டும் என்று துடித்தேன். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், புதிது வரவில்லை. அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர ஒரு முத்திரை வாங்க வேண்டும், முத்திரைக்கு நேரம் குறிக்க வேண்டும், கிடைத்த முதல் நேரம் மூன்று வாரம் கழித்து. குடியேற்ற அலுவலகத்தில் அவசரமா என்று கேட்ட பெண்ணிடம், குடும்பத்தில் ஆபத்து என்றேன். மருத்துவச் சான்று இருக்கிறதா என்றாள். இல்லை, மலைக்கு ஆபத்து என்று சொல்லி, இந்த நாட்டின் மொழியில் வினைச்சொல்லைத் தப்பான இடத்தில் வைத்தேன். அவள் கனிவாக என் வாக்கியத்தை மட்டும் திருத்தினாள்.

நம் ஊர்ப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கும் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சர்வே நம்பர் கேட்டார், பட்டா யார் பெயரில் என்று கேட்டார், குடியிருப்பவர் கையெழுத்திட்ட மனு வேண்டும் என்றார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். “இங்க நல்லா வெயில் அடிக்குதுங்களே” என்றார். அவர் இருந்தது அடிவாரத்தில்.

புதன்கிழமை மழை பிடித்தது. நான் சைக்கிளில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை வரும் மேகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. புல் கரை, அதன் மேல் ஆடுகள். எதுவும் எங்கேயும் உருண்டு விழாத நாடு.

அக்காவும் ஜெனியும் ஏற்காட்டுக்குப் போய்விட்டார்கள். வியாழக்கிழமை காலை மாமா மட்டும் திரும்பி மஞ்சக்குட்டைப் பக்கம் போகிறார் என்று செய்தி வந்தது. மாரியப்பண்ணன் மாடுகளைக் கூட்டி வரவாம். வட்டம் போட்டது நான்தானே என்றாராம். அதற்குப் பிறகு அக்கா போன் அணைந்துவிட்டது. மாமா போன் அணைந்துவிட்டது. டவர் இல்லை.

தப்பே செய்யாத ஆளை, என் தப்புக்காக, அந்தப் பள்ளத்துக்குக் கீழே அனுப்பியிருக்கிறேன். இதைத்தான் அன்று முழுக்க நினைத்தேன். ஒரே கட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர், ஒரே எண். அந்த எண்ணுக்குள் அக்கா வீட்டுச் சமையலறையும் மாரியப்பண்ணன் மாட்டுக் கொட்டகையும் மாமாவும் இருக்கிறார்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது அதே எண்தான். பக்கத்து மேசைக்காரர் காப்பி வேண்டுமா என்று கேட்டார், வேண்டும் என்றேன். அவர் கொண்டு வந்து வைத்ததும் யாருக்கு இது என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்காவின் குரல் செய்தி வந்தது.

“மழை நின்னுருச்சுடி. மண்ணும் நிக்குது.”

எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. மாமா இரண்டு மாடுகளையும் நனைந்துகொண்டே ஓட்டி, மிஷன் பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையில் கட்டியிருக்கிறார். வாட்ச்மேன் மாட்டுக்கெல்லாம் அட்மிஷன் கிடையாது என்று சண்டை போட்டாராம். மாரியப்பண்ணனும் அவர் மனைவியும் மாட்டுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பள்ளம் வழியாகச் செம்மண் தண்ணீர் இடுப்பளவு வந்திருக்கிறது. அக்காவின் பின்சுவர் ஓரத்தில் சேறு. அவ்வளவுதான். சரியவில்லை.

7

சனிக்கிழமை எல்லோரும் வீடு திரும்பினார்கள். மாரியப்பண்ணன் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தை அண்ணாந்து கும்பிடுகிறாராம். ஜீப்பில் ஏறுகிறவர்கள் மழை வருமா என்று மாமாவிடம் கேட்டுவிட்டு அவர் வாயைத் திறப்பதற்குள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்து அந்த ஊர் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், மனதாரத்தான்.

என் பயம் வேறு. சரியாமல் போனதில் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பச்சை என்று சொன்னதுதான் சரி, தப்பு என்று சொன்னதுதான் தப்பு என்று மாரியப்பண்ணன் பேசுகிறார். அடுத்த முறை மாடுகளை அவிழ்க்க மாட்டார். வேர்களோ இப்போதுதான் அழுக ஆரம்பித்திருக்கின்றன. இந்த வருட மழை அல்ல, இனி வரும் வருடங்களின் மழைதான் எனக்குப் பயம். ஒவ்வொரு வருடமும் நான் போன் செய்வேன், ஒவ்வொரு வருடமும் அது நிற்கும், ஒவ்வொரு வருடமும் என் பேச்சுக்கு மதிப்புக் குறையும். இதை எந்த நிரலில் போட்டுக் கணக்குப் பார்ப்பது?

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அக்கா கூப்பிட்டாள். போனை எதன் மீதோ சாய்த்து வைத்திருந்தாள். முன்னால் மேசையில் என் வரைபடம், சட்டத்திலிருந்து கழற்றியது. கையில் சிவப்பு நெயில் பாலிஷ், ஜெனியுடையது. பிளாஸ்டிக் மேல் வேறெதுவும் ஒட்டவில்லை என்றாள். சுவரில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தால் வருகிறவர்கள் எல்லாம் அதையே பார்த்துவிட்டுப் போகிறார்கள், இன்னொருவர் வந்து நாலாவது வீடு கட்டினால் என்ன செய்வது, எங்கெல்லாம் சிவப்பு என்று நீயே சொல்லு, நான் அடிக்கிறேன் என்றாள்.

பள்ளத்தின் தலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அவளுக்குத்தான் அது எங்கே என்று தெரியும், எனக்குத் தெரியாது. அவள் விரலால் தடவி இடம் பார்த்து, தூரிகையை வைத்தாள். வெட்டிய மரங்கள் நின்ற இடம் முழுக்கச் சிவப்பாயிற்று. ஜெனி பக்கத்தில் நின்று, வெளியே போகாமல் அடிம்மா என்று தமிழில் அதட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு கீழே இறங்கிப் பள்ளத்தின் வாய்க்கு வந்தது. மாரியப்பண்ணன் வீட்டைச் சுட்டி, “இதுவுமா?” என்றாள். ஆமாம் என்றேன். அடித்தாள். மூன்றாவது வீடு. அடித்தாள்.

அடுத்தது நாற்பது தப்படி தள்ளி அவள் வீடு. தூரிகை அங்கே நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தூரிகை நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு தொங்கியது.

“இதுவும்தான் அக்கா.”

அடித்தாள். ஓரங்களைச் சுத்தமாக, நகத்துக்கு அடிக்கிற மாதிரியே, நிதானமாக அடித்து முடித்தாள். ஊதிக் காய வைத்தாள். குப்பியைத் திருகி மூடி ஜெனியிடம் கொடுத்து, உள்ளே கொண்டு போய் வை என்று அனுப்பினாள். பிறகு படத்தைத் தூக்கி இரண்டு கையிலும் பிடித்து, எனக்கு நேராகக் காட்டினாள்.

“சரி. இதுல நாங்க இனிமே எங்க குடியிருக்கறதுன்னு காட்டு.”

நான் பார்த்தேன். சிவப்பைத் தவிர்த்து மீதியெல்லாம் பச்சைதான். அந்தப் பச்சை ஒவ்வொன்றின் மேலும் மரம் நின்றது, அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவள் படத்தைக் கீழே இறக்கவில்லை.